சாவி என் பேக்ல இருந்த வரைக்கும் ஒருத்தரும் வரல

எங்க காலேஜ் ஆர்ட் லைப்ரரியில நான் சேந்த அன்னைக்கு முதல்ல கைல தந்தது ஒரு சாவிக் கொத்து. எட்டு கண்ணாடி பீரோவுக்கும் சேத்து எட்டு சாவி, ஒவ்வொண்ணுலயும் நூல் கட்டி நம்பர் எழுதின அட்டை. எனக்கு முன்னாடி இருந்த சார் ரிட்டயர்டு ஆகிப் போறாரு, போற நேரம் வாசல்ல நின்னுக்கிட்டு, "மேடம், இதுல ஒரு புக்கு காணாமப் போனாலும் நம்ம சம்பளத்துல தான் கை வைப்பாங்க, பாத்துக்கிடுங்க"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு பயந்தே ரெண்டு வருஷம் அந்த சாவியை ஹேண்ட்பேக்லயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன், டாய்லெட் போனாக்கூட பேக்கோட தான்.

நாகர்கோவிலுக்கு கொஞ்சம் வெளியில உள்ள காலேஜ் இது. விஸ்காம், டிசைன், இன்டீரியர், ஆர்க்கிடெக்சர்னு நாலஞ்சு டிபார்ட்மெண்ட் உண்டு, அதுக்காக மெயின் லைப்ரரியை விட்டு தனியா ரெண்டாவது மாடியில ஒரு ஹால் தந்திருந்தாங்க. புக்கு கூடுதல் ஒண்ணும் இல்ல, ஆயிரத்துக்குள்ள தான், ஆனா ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி வெயிட்டு, விலையும் அப்படித்தான். பிள்ளைங்க வந்தாங்களான்னு கேட்டா வந்தாங்க, போன் சார்ஜ் போட. ஜன்னல் பக்கம் நல்லா காத்து வரும், அங்க நாலு ப்ளக் பாயிண்ட் இருந்துச்சு.

ஆள் வரவைக்கணும்னு நான் செஞ்சதெல்லாம் இப்ப நெனச்சா சிரிப்பா வருது. ஜூலையில ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களை வரிசையா உக்கார வச்சு ஒரு மணி நேரம் பவர்பாயிண்ட் காட்டி லைப்ரரி ரூல்ஸ் சொன்னேன், ஆகஸ்ட்ல அதுல ஒரு வரிகூட ஒருத்தனுக்கும் ஓர்மை இல்ல. மாசம் ஒரு புத்தகம்னு போஸ்டர் ஒட்டினேன். ஆகஸ்ட் 12 நூலகர் தினம், இந்திய நூலகவியலோட தந்தைன்னு சொல்லுற ரங்கநாதன் பிறந்தநாள்னு க்விஸ் வச்சேன், ஹால் நிறைஞ்சு போச்சு, எல்லாம் அந்த சர்டிஃபிகேட்டுக்கு வந்த கூட்டம், மறுநாள் பழையபடி ஃபேன் சத்தம் மட்டும். சீர்காழியில பிறந்த அந்த மனுஷன் 1931-லயே எழுதி வச்ச ஐந்து விதியில முதல் விதியே புத்தகம் உபயோகத்துக்குங்கறது தான், அதை க்விஸ்ல கேள்வியா கேட்டுட்டு பூட்டின பீரோவுக்கு முன்னாடி நின்னு பரிசு குடுத்திருக்கேன் நான். அன்னைக்கு எனக்கு உறைக்கல.

மாற்றம் வந்தது தற்செயலா தான். சோழர் கால வெண்கலச் சிலைகள் பத்தின பெரிய புக் ஒண்ணு, முதுகு பிஞ்சு போச்சு, பைண்டிங்குக்கு குடுக்கணும், பைண்டர் வர்ற வரைக்கும் பீரோவுல நிக்க வைக்க முடியாது, சாய்ஞ்சா இன்னும் பிஞ்சிரும். எங்க வீட்டுல ஆச்சி ஆடி மாசம் ராமாயணம் வாசிக்குற பலகை ஒண்ணு பரணுல கெடந்துச்சு, அந்த விரிச்சா எக்ஸ் மாதிரி நிக்குமே, அது. அதைக் கொண்டுவந்து படிக்கட்டு திரும்புற இடத்துல ஒரு மேஜை போட்டு விரிச்சு வச்சேன். தூசி விழுதேன்னு எங்க அட்டெண்டர் அண்ணன் அவருக்குத் தெரிஞ்ச ஒரு மூடிப்போன பேக்கரியில இருந்து பஃப்ஸ் வைக்குற கண்ணாடிப் பெட்டி ஒண்ணை கொறஞ்ச விலைக்கு வாங்கிட்டு வந்தாரு, எத்தனை தொடைச்சாலும் ரெண்டு வாரம் அதுல பஃப்ஸ் மணம் போகல. பெட்டிக்குள்ள நடராஜர், பக்கத்துல டால்டா வாசம், என்ன செய்ய.

ஒரே பக்கம் எத்தனை நாள் விரிச்சுக் கெடக்கும், வெளிச்சம் பட்டு நிறம் மங்கும்னு தினமும் காலைல ஒன்பது பத்துக்கு ஒரு பக்கம் திருப்பி வைக்க ஆரம்பிச்சேன். நாலாவது நாள் ஒரு பையன் லைப்ரரிக்குள்ள தலையை நீட்டி, "மிஸ், நேத்து இருந்த அம்மன் எங்க போச்சு, பாதி வரைஞ்சு வச்சிருக்கேன்"ன்னான். ரெண்டு வருஷத்துல ஒரு புக்கை தேடி வந்த முதல் ஆள் அவன் தான். அன்னைக்கு பீரோவைத் திறந்து அதே அம்மன் உள்ள இன்னும் ரெண்டு புக் எடுத்து மேஜையில போட்டேன், அவன் மதியச் சாப்பாட்டுக்குப் போகல.

அதுக்கப்புறம் கீழ ஒரு துண்டுச்சீட்டு வைக்க ஆரம்பிச்சேன், தமிழ்ல ரெண்டே வரி. இது என்ன, எங்க உள்ளது, கூட ஒரு கேள்வி. கேள்வின்னா பரீட்சை கேள்வி இல்ல, இந்த சிலைக்கு இடது கால்ல மட்டும் ஏன் தண்டை தேஞ்சிருக்கு, இந்த மாதிரி. பதில் எழுதிப் போட பழைய ஸ்வீட் டப்பா ஒண்ணு. நாலு கிண்டல் சீட்டு வந்தா ஒரு நல்ல சீட்டு வரும், அது போதும்.

இப்படி ஒருநாள் ஒரு அம்மன் சிலையோட பின்பக்க போட்டோ உள்ள பக்கம். பொதுவா புக்ல பின்பக்கம் போடவே மாட்டாங்க, இதுல முழுப்பக்கத்துக்கு போட்டிருந்தாங்க. டிசைன் ரெண்டாம் வருஷப் பொண்ணு ஒருத்தி ரொம்ப நேரமா கண்ணாடியில மூக்கு முட்டுற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தா. மேடம்னு கூப்பிடுற பொண்ணு அன்னைக்கு அவளையறியாம, "எக்கா, இதுல வெறும் தலை அணின்னு போட்டிருக்கு. இது ராக்கொடி, அதுக்குக் கீழ தொங்குதது சடைநாகம். எங்க அப்பா செய்யுத சாமான்லா இது"ன்னா. வடசேரிக்காரி. கோயில் நகை செய்யுற குடும்பம்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வார்த்தை. பரதநாட்டியம் ஆடுறவங்க போட்டிருக்குற செவப்புக்கல் செட்டு, நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ஒட்டியாணம், அதுக்கெல்லாம் பேர் போன இடம் எங்க வடசேரி, நாகர்கோவில் கோயில் நகைக்கு புவிசார் குறியீடும் உண்டு. வெள்ளியில அடிச்சு, கெம்புக்கல்லு பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டி, எல்லாம் கைவேலை.

அடுத்த சனிக்கிழமை அவ அப்பா வந்தாரு, ஸ்கூட்டியில, ஒரு துணிப்பையோட. காலேஜ் வாசல்ல வாட்ச்மேன் விடல, நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். செருப்பை லைப்ரரிக்கு வெளிய கழட்டிட்டு வந்து உக்காந்தாரு, வேண்டாம்னு சொன்னாலும் கேக்கல. அந்த புக்கை ரெண்டு மணி நேரம் பாத்தாரு. பாத்தாருன்னா நம்ம பாக்குற மாதிரி இல்ல, ஒவ்வொரு நகையிலயும் கண்ணி எங்க சேருது, கொக்கி எங்க மாட்டுது, அதைத்தான் பாக்குறாரு. பையில இருந்து அவரோட அப்பா காலத்து பிரவுன் பேப்பர்ல வரைஞ்ச டிசைன்களை எடுத்து பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்தாரு. ஒரு இடத்துல விரலை வச்சு, "இந்தக் கண்ணி இப்ப யாரும் போடுததில்ல மேடம், நேரம் கூடுதல் ஆகும்னு விட்டாச்சு, இங்கன பாருங்க எவ்வளவு வளைவு குடுக்குது"ன்னாரு. மூணு பக்கம் ஜெராக்ஸ் கேட்டாரு, ஜெராக்ஸ் மிஷின்ல போட்டா முதுகு இன்னும் பிஞ்சிரும்னு நான் போன்ல நேரா மேல இருந்து போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். சொந்தப் படிப்புக்கு, ஆராய்ச்சிக்குன்னா நாலு பக்கம் நகல் எடுக்கறதுக்கு 1957 காப்புரிமைச் சட்டத்துலயே 52-வது பிரிவுல இடம் இருக்கு, முழு புக்கையும் ஸ்கேன் பண்ணி குரூப்ல போடுறதுக்கு இல்ல, இதை பிள்ளைங்களுக்கும் அடிக்கடி சொல்லுவேன். பதிலுக்கு அவரோட டிசைன் தாள்ல ஆறு படத்தை நாங்க போட்டோ எடுத்துக்கிட அனுமதிச்சாரு. எங்க லைப்ரரியில உள்ளூர் ஃபோல்டர்னு ஒண்ணு அன்னைக்கு தான் பிறந்துச்சு.

அதுவரைக்கும் நான் நெனச்சுக்கிட்டு இருந்தது புக்கு பத்தி ஆளுக்கு சொன்னா ஆள் வருவாங்கன்னு. ஆர்ட் படிக்குற பிள்ளைங்க சொல்லிக் கேக்குறவங்க இல்ல, கண்ணுல படணும். முதுகு மட்டும் தெரியுற மாதிரி பூட்டி வச்ச பீரோவுல அவங்களுக்கு ஒண்ணும் படாது. அதனால அடுக்குறதும் விளம்பரமும் வேற வேற வேலைன்னு பிரிச்சுப் பாக்குறதை விட்டேன். பீரோ கதவை எல்லாம் கழட்டி ஸ்டோர் ரூம்ல சாத்தி வச்சோம், ஒவ்வொரு தட்டுலயும் ஒரு புக்கையாவது அட்டை தெரியுற மாதிரி முகம் காட்டி வைக்கணும்னு ஆக்கினோம், இடம் போகும் தான், போகட்டும்.

கதவு கழட்டுறது சும்மா நடக்கல. ஆபீஸ்ல ஒரு மாசம் இழுத்தாங்க. களவு போனா யார் பொறுப்புன்னு எழுதித் தாங்கன்னாங்க. அப்ப தான் மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017-ஐ எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு வருஷத்துல வாசிக்கக் குடுத்த 1,000 புக்குக்கு 5 காணாமப் போனா அது சகஜம்னு அதுலயே எழுதியிருக்கு, கவனக்குறைவோ நேர்மைக்கேடோ இல்லாத பட்சத்துல. நம்மளது தனியார் காலேஜ், அந்த விதி நம்மளைக் கட்டாது, ஆனா அரசாங்கமே இப்படிச் சொல்லுதேன்னு காட்டினா எதிர்ல இருக்குறவங்களுக்கும் கையெழுத்து போட ஒரு தைரியம் வருது. ஒரு கஷ்டம், அதே விதியில 1,000 ரூபாய்க்கு மேல விலை உள்ள புக் போனா கட்டாயம் விசாரிக்கணும்னும் இருக்கு. ஆர்ட் புக்குல 1,000 ரூபாய்க்கு கீழ எது இருக்கு? அதனால ரொம்ப விலை கூடின, திரும்பக் கிடைக்காத நாப்பது புக்கை மட்டும் என் மேஜைக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, அதோட அட்டையை கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி ராக்ல அதோட இடத்துல நிக்க வச்சேன். அந்த அட்டையைக் கொண்டுவந்து தந்தா புக்கைத் தருவேன். ஹோட்டல் மெனு மாதிரின்னு பிள்ளைங்க பேர் வச்சாச்சு.

அடுக்குறதைப் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா இதுல தான் நான் நெறைய அடிபட்டது. எங்கள்ட்ட டியூயி நம்பர் தான், புக்கை பொருள்வாரியா பிரிச்சு எண் போடுற முறை. 700-ல கலை, 720 கட்டடக்கலை, 730 சிற்பம், 740 டிராயிங், 750 ஓவியம், 770 போட்டோகிராபி. படிக்க அழகா இருக்கும். ஒரு பையன் வந்து "சுசீந்திரம் பத்தி என்ன இருக்கு மிஸ்"னு கேட்டா தான் சங்கடம். கோயில் கட்டடம்னா 726, கல் சிற்பம்னா 730-ல, கோபுரத்துக்குள்ள இருக்குற சுவரோவியம்னா 751.73, சாமி உருவ லட்சணம்னா 704.9, நகைன்னா 739.27. ஒரே கோயிலுக்கு அஞ்சு ராக் சுத்தணும். தேருக்கு கூட நாலு தெரு தான்.

நம்பரை மாத்தலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு, நல்லவேளை மாத்தல, மாத்தியிருந்தா மெயின் லைப்ரரி கேட்டலாக்ல இருந்து துண்டா போயிருப்போம். அதுக்குப் பதிலா ஊர்வாரியா ஒரு வழிகாட்டி போட்டோம். சுசீந்திரம், பத்மநாபபுரம், திருவட்டாறு, சிதறால், திருநந்திக்கரை, நாகராஜா கோயில், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோல்டர், அதுல எந்த புக்ல எந்தப் பக்கத்துல படம் இருக்குன்னு ஒரு தாள். ஒரு சாதாரண இந்தியக் கட்டடக்கலை வரலாறு புக்ல திருவட்டாறு கோயில் விளக்குப் பாவை தூண்கள் பத்தி ஒரே ஒரு படம் இருக்கும், அந்த ஒரு படத்துக்காக அந்த புக்கை எந்தக் கம்ப்யூட்டரும் காட்டிக் குடுக்காது, மனுஷன் தான் பக்கம் புரட்டி எழுதணும். விஸ்காம் பிள்ளைங்க எட்டு பேர் ஒரு செமஸ்டர் லீவுல உக்காந்து எழுதினாங்க, சாயங்காலம் பழம்பொரியும் டீயும் என் செலவு.

கம்ப்யூட்டர்ல நாங்க உபயோகிக்கறது கோஹா, 2000-ல நியூசிலாந்துல ஒரு லைப்ரரிக்காக செஞ்ச இலவச சாஃப்ட்வேர். அதுல ஒவ்வொரு புக்கு பதிவுலயும் 653-ங்கற இடத்துல நம்ம இஷ்டத்துக்கு தேடுசொல் போடலாம். அங்க தமிழ்லயும் போட்டோம், தப்பும் தவறுமா பிள்ளைங்க எப்படி டைப் பண்ணுவாங்களோ அப்படியே போட்டோம். சுசீந்திரம், சுசீந்தரம், தாணுமாலயன், ஸ்தாணுமாலயன், எல்லாம். தேடி ஒண்ணும் கிடைக்காமப் போன சொல்லையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சு வெள்ளிக்கிழமை சேத்துருவேன். ஒருத்தன் "ஹனுமார் பெருசு"ன்னு தேடியிருந்தான். அதையும் சேத்தாச்சு, சுசீந்திரம் ஆஞ்சநேயரைப் பாத்தவன் வேற எப்படித் தேடுவான்.

கலைஞர்கள் பத்தின புக்கை மட்டும் டியூயியை மீறி ஒரே ராக்ல பேர் வரிசையில வச்சேன். ஒருத்தர் ஓவியமும் சிற்பமும் செஞ்சிருந்தா ரெண்டு ராக்ல பிச்சுப் போடுறது என்ன நியாயம். பேர் வரிசைன்னா நம்ம ஊர்ப் பேர்ல ஒரு வம்பு, சோழமண்டல் கிராமத்தை 1966-ல உண்டாக்கின கே.சி.எஸ். பணிக்கர் பணிக்கர்ல வருவாரு சரி, ரவிவர்மாவை எங்க வைக்க? ராஜாவுலயா, ரவியிலயா, வர்மாவுலயா? அவரு பிறந்த கிளிமானூர் நமக்குப் பக்கம், வீட்டுப்பிள்ளை மாதிரி, எல்லாரும் ரவிவர்மான்னு தான் சொல்லுவாங்க, அதனால ரவியில வச்சு மத்த ரெண்டு இடத்துலயும் அட்டை சொருகினேன். கேட்டலாக் ரூல் தெரிஞ்சவங்க என்னைத் திட்டலாம்.

பெரிய சைஸ் புக்கு இன்னொரு தலைவலி. சாதா ஸ்டீல் ராக்ல அது வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், போற வர்றவங்க இடிச்சு முனை மழுங்கும், நிக்க வச்சா அதோட பாரத்துலயே உள்தாள் அட்டையை விட்டு இறங்கிரும். படுக்க வைக்கணும், மூணுக்கு மேல அடுக்கக்கூடாது, அடியில உள்ளதை யாரும் எடுக்க மாட்டாங்க, எடுத்தா மேல உள்ளது சரியும். நாங்க பழைய ஆர்க்கிடெக்சர் டிராயிங் டேபிளுக்குக் கீழ பலகை அடிச்சு தட்டு போட்டோம், எடுத்து அப்படியே மேல விரிச்சுப் பாக்க வசதியாச்சு. புக்கை வாசிக்குற மேஜையை விட்டு தூரமா வச்சா பெரிய புக்கு நகராது, இது அனுபவத்துல சொல்லுறேன்.

இனி கை. ஆர்ட் பிள்ளைங்க கைன்னா சார்க்கோல், பேஸ்டல், ஃபெவிகால். கிளவுஸ் குடுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, வேண்டாம், கிளவுஸ் போட்டா பக்கம் புரட்ட வராது, தாள் கிழியும், கழுவித் துடைச்ச கை தான் நல்லது. வாசல்லயே ஒரு வாஷ்பேசின் வைக்க பிளம்பருக்கு ஆன செலவு தான் அந்த வருஷம் நான் உருப்படியா செஞ்ச செலவு. உள்ள பென்சில் மட்டும். ட்ரேஸ் எடுக்கணும்னா புக்கு மேல ஓஹெச்பி ஷீட், அந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், அதைப் போட்டு அதுக்கு மேல தான் ட்ரேசிங் ஷீட், இல்லேன்னா பென்சில் தடம் படத்துல பதிஞ்சிரும், சாய்ச்சுப் பாத்தா தெரியும்.

மழை. எங்க மாவட்டத்துல ஜூன்லயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு பக்கத்து மழையும் எங்களுக்குத்தான். ஒரு ஐப்பசி திங்கக்கிழமை விடியக்காலைல கொட்டின மழையில மொட்டைமாடி தண்ணி போற குழாயில எலை அடைச்சு, சுவர் வழியா இறங்கி, ஆறாவது ராக்ல 23 புக்கு நனைஞ்சு போச்சு. எட்டு மணிக்கு கதவைத் திறந்தா தரையில தண்ணி. எனக்கு தலை சுத்திச்சு, பதறிப்போய் முதல் நாலு புக்கை எடுத்து வராண்டா வெயில்ல கருவாடு காயப்போடுற மாதிரி விரிச்சுப் போட்டேன். அதுதான் செஞ்சிருக்கக் கூடாது. இந்த பளபளப்பான ஆர்ட் பேப்பர் இருக்குல்லா, அது மேல களிமண் பூச்சு உண்டு, நனைஞ்சா அதுவே பசை, அப்படியே காய்ஞ்சா பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கிடும், பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. மதியத்துக்குள்ள நாலும் செங்கல்.

தெரிஞ்ச ஒரு பழைய லைப்ரரியன் மேடத்துக்கு போன் போட்டேன். "மக்களே, காயப் போடாதே, ஒறைய வை"ன்னாங்க. முதல்ல புரியல. ஈரமா இருக்கும்போதே ஃப்ரீசர்ல வச்சுட்டா ஒட்டுறதும் பூசணம் பிடிக்குறதும் அப்படியே நின்னுரும், பிறகு நிதானமா ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கலாம். பெரிய ஊர்ல ஒறைஞ்ச புக்கை காயவைக்க வேக்வம் மிஷின் இருக்கும், நாங்க எங்க போக. அட்டெண்டர் அண்ணனோட மச்சான் குளச்சல்ல மீன் வியாபாரம், அவரு ஃப்ரீசர்ல ஒரு மூலை தந்தாரு. 19 புக்கை ஒவ்வொண்ணா பட்டர் பேப்பர் சுத்தி, ரெண்டு பாலிதீன் கவர்ல கட்டி, ஆட்டோவுல கொண்டுபோனோம். நெய்மீனுக்குப் பக்கத்துல மொகலாய ஓவியம். ரெண்டு ரெண்டா திரும்ப எடுத்து, ஐஸ் விட விட ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல பட்டர் பேப்பர் சொருகி, ஃபேன் காத்துல வச்சு, தாளை மாத்தி மாத்தி, மூணு வாரம் ஆச்சு. 16 தேறிச்சு, கொஞ்சம் அலை அலையா இருக்கும், படம் முழுசா இருக்கு. மூணுல பாதி ஒட்டிப் போச்சு.

அதுல இருந்து ராக்கை சுவரை விட்டு மூணு இஞ்சு தள்ளித்தான் வைக்கிறது, அடித்தட்டு தரையில இருந்து ஆறு இஞ்சு மேல. ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு ஜன்னல்கிட்ட தொங்குது, 65 தாண்டினா ஃபேனை விட்டு புக்குக்கு நடுவுல இடைவெளி விடணும், எக்காரணம் கொண்டும் மூடி வைக்கக் கூடாது. பீரோ கதவு கழட்டினதுல இந்த ஒரு லாபத்தை நான் எதிர்பாக்கல, மூடின பீரோவுல தான் முன்னாடி பூசணம் வாடை கூடுதலா இருந்துச்சு. அந்த நாலு செங்கல்ல ஒண்ணை வாஷ்பேசின் பக்கத்துலயே வச்சிருக்கேன், புதுசா வர்ற ஒவ்வொருத்தனும் அதைத் திறக்கப் பாப்பான், திறக்க வராது, ஏன் மிஸ்னு கேப்பான், ஜூலை மாசத்து பவர்பாயிண்ட்டை அதோட விட்டுட்டேன்.

ஆசிரியர்கள் பக்கம் ஒரே ஒரு காரியம் தான் வேலை செஞ்சது. செமஸ்டர் ஆரம்பத்துலயே ஒவ்வொரு ஹெச்ஓடிகிட்டயும் அசைன்மெண்ட் தேதியை வாங்கி காலண்டர்ல குறிச்சுக்கிடுவேன். அந்த வாரம் ட்ராலியில இருபது புக்கை ஏத்திக்கிட்டு ஸ்டுடியோவுக்கே போயிருவேன், லிஃப்ட் இல்ல, சரிவுப்பாதை இருக்கு, பின்னால இருந்து தள்ள ரெண்டு பேர் வேணும். லைப்ரரி பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன், மேஜையில விரிச்சு வச்சிட்டு ஒரு மூலையில உக்காந்துருவேன். மியூரல் அசைன்மெண்ட் வந்தப்ப இது நல்லா புரிஞ்சுது. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம தக்கலைக்குப் பக்கத்துல தான் இருக்கு, நம்ம மாவட்டத்துக்குள்ள இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை கையில, அங்க உப்பரிக்கை மாளிகை மேல்தளத்துல இருக்குற சுவரோவியங்களைப் பாக்க பொதுவா எல்லாரையும் விடுறதில்ல. பஸ்ல போற தூரத்துல இருக்குற சித்திரத்தை புக்ல தான் பாக்க முடியும்னு சொன்னப்ப பிள்ளைங்களுக்கு முதல்ல கோவம், பிறகு அந்த ஒரு புக்குக்கு வரிசை.

ஆன்லைன்லயே எல்லாம் இருக்கே மிஸ்னு கேக்குறவங்களும் உண்டு. இருக்கு, இல்லேன்னு சொல்லல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-லயே 3,75,000 படத்தை யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்னு விட்டாச்சு. திருவாங்கூர் சமஸ்தானத்துல தொல்லியல் அதிகாரியா இருந்த கோபிநாத ராவ் 1914-லயும் 1916-லயும் கொண்டுவந்த இந்து உருவ லட்சண நூல் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல முழுசா கெடக்கு, நம்ம ஊர்ப்பக்கத்து சிலையெல்லாம் அதுல உண்டு. ஆனா அது இருக்குன்னு பிள்ளைங்களுக்கு யார் சொல்ல? லேமினேட் அட்டைக்குப் பின்னாடி க்யூஆர் கோடு ஒட்டினோம், புக்கைத் தேடி வந்தவனுக்கு அதே ராக்ல அதுவும் கெடைச்சுரும். பிரிண்ட் புக்குல ஒரு படத்தோட சைஸும் நிறமும் ஒரே மாதிரி பத்து பேர் சேந்து பாக்கலாம், ஆறு இஞ்சு போன்ல எல்லா சிலையும் ஒரே உயரம்.

பாதிப் பேர் தமிழ் மீடியத்துல இருந்து வாற பிள்ளைங்க. படம் பாப்பாங்க, கீழ உள்ள இங்கிலீஷ் வரியை விட்டுருவாங்க. அதுக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு போட்டு மேஜையில கயிறு கட்டி வச்சேன், ரிலீஃப்னா புடைப்புச் சிற்பம், லாஸ்ட் வேக்ஸ்னா மெழுகு வார்ப்பு, இப்படி நான் பத்து சொல் எழுதி ஆரம்பிச்சது. வடசேரி பொண்ணு நகைப் பேரா நாப்பது எழுதினா. மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு ஆசாரி வீட்டுப் பையன் மரவேலைச் சொல்லா எழுதித் தள்ளுறான், அதுல பாதி மலையாளம் மாதிரி இருக்கு, நம்ம பக்கத்துல அப்படித்தான், திருத்தாம விட்டுருக்கேன். இப்ப அந்த நோட்டு மூணாவது வால்யூம்.

பட்ஜெட் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. மார்ச் மாசம் பணத்தை முடிக்கணும்னு ஒரு வியாபாரி கொண்டுவந்து இறக்கின செட்டுல பாதி கலரிங் புக்கு, அது ஒரு அழுகை. இப்ப பிள்ளைங்க ஸ்வீட் டப்பாவுல போட்ட சீட்டைத் தான் முதல்ல எண்ணுவேன், பிறகு தான் கேட்டலாக்கைப் பாப்பேன்.

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம், நாலு நாள் லீவு. திரும்பி வந்தா பக்கம் நாலு திரும்பியிருக்கு, நாலு சீட்டும் வேற வேற கையெழுத்து, ஒண்ணுல "சிலை"க்கு பதிலா "சீலை"ன்னு எழுதியிருக்கு, கீழ யாரோ பென்சில்ல பட்டா காட்டனான்னு கேட்டிருக்காங்க. அப்படியே ஃபோல்டர்ல சேத்துட்டேன். சிதறால் ஃபோல்டர் மட்டும் இன்னும் மெலிஞ்சு போய்க் கெடக்கு, தீர்த்தங்கரர் பாறைச் சிற்பங்களுக்கு எங்க புக்குகள்ல மொத்தமே அஞ்சு படம் தான் கெடைச்சுது. வர்ற சனிக்கிழமை மூணு பேர் மலையேறி போட்டோ எடுத்துட்டு வாறோம்னு சொல்லியிருக்காங்க, காலைல ஏழு மணிக்கெல்லாம் அங்க நின்னா தான் பாறையில சாய்வெளிச்சம் விழும்னு போட்டோகிராபி சார் சொன்னாரு, ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்கு எழுந்திரிப்பாங்களான்னு தான் தெரியல, கேமரா பேட்டரியையாவது வெள்ளிக்கிழமையே சார்ஜ் போட்டு வைக்கணும்.